பின்னலாடை அளவுத் திருத்தம்

பின்னலாடை அளவுத் திருத்தம் என்பது டி-சட்டை, பனியன், லெக்கிங்ஸ், இழுபடும் ரவிக்கை போன்ற நெகிழும் ஆடைகளை, உடுத்துபவரின் உடலுக்குப் பொருந்துமாறு பிரித்தும் வெட்டியும் மீண்டும் தைத்தும் சரிசெய்யும் தையல் வேலை ஆகும். தமிழகத்தின் பேச்சு வழக்கில் ஆடையைச் சிறிதாக்குவது "பிடித்துத் தைத்தல்" எனவும், பெரிதாக்குவது "பிரித்து விடுதல்" எனவும், இரண்டும் பொதுவாக "ஆல்டர் செய்தல்" எனவும் வழங்கப்படுகின்றன. இக்கட்டுரை சாதாரணத் தையல் இயந்திரத்தைக் கொண்டோ கையாலோ வீட்டில் செய்யக்கூடிய திருத்தங்களை விவரிக்கிறது.

நெய்த துணியில் தைத்த ஆடையைத் திருத்தும் முறையும் பின்னிய துணியில் தைத்த ஆடையைத் திருத்தும் முறையும் ஒன்றல்ல. நெய்த ஆடையில் கூடுதல் இடம் தையலுக்கு உள்ளே மடித்து விடப்பட்ட துணியில் உள்ளது. பின்னலாடையில் அது துணியின் கண்ணிகளிலேயே உள்ளது. எனவே பின்னலாடையைப் பிடித்துத் தைப்பது எளிது, பிரித்து விடுவது பெரும்பாலும் இயலாது. மேலும், புதிதாகப் போடும் தையலும் துணியோடு சேர்ந்து நீள வேண்டும்.

நெய்த துணியும் பின்னிய துணியும்

நெய்த துணியில் பாவு நூல்களும் ஊடை நூல்களும் ஒன்றையொன்று செங்குத்தாகக் கடந்து செல்கின்றன. நூல்கள் நேராக இருப்பதால் துணி நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மிகக் குறைவாகவே இழுபடும், மூலைவாக்கில் மட்டும் சற்று நெகிழும். 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும். முறுக்கேற்றிய பட்டிழைகளால் நெருக்கமாக நெய்யப்படும் இத்துணி ஏறக்குறைய இழுபடுவதே இல்லை.

இதனால் பட்டு ரவிக்கை தைக்கும் தையற்காரர் பக்கத் தையலில் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ துணியை உள்ளே விட்டு, இரண்டு அல்லது மூன்று வரித் தையல்களை அடுத்தடுத்துப் போடுவது வழக்கம். உடல் பருக்கும்போது உடலை ஒட்டிய வரியைப் பிரித்துவிட்டால், ரவிக்கை அடுத்த வரியின் அளவுக்கு விரியும். திருமணத்திற்குத் தைத்த ரவிக்கையைப் பல ஆண்டுகள் கழித்தும் உடுத்த முடிவது இந்த ஏற்பாட்டினாலேயே ஆகும்.

பின்னிய துணியில் நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகக் கோக்கப்பட்டுள்ளது. இழுக்கும்போது கண்ணியின் வடிவம் மாறித் துணி நீள்கிறது, விட்டால் பெருமளவு பழைய வடிவத்திற்குத் திரும்புகிறது. தொழிற்சாலையில் இத்துணியைத் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம், தைத்துக்கொண்டே ஓரத்தை வெட்டிவிடும். உள்ளே ஏறத்தாழ 6 மி.மீ. துணியே எஞ்சும். பிரித்து விடுவதற்கு அங்கு எதுவும் இல்லை. ஆகவே இரண்டு அளவுகளுக்கு இடையில் ஐயம் ஏற்பட்டால், திருத்தும் எண்ணம் உள்ளவர் பெரிய அளவை வாங்குவதே முறை.

வரலாறு

பின்னல் இயந்திரத்தை இங்கிலாந்தின் நாட்டிங்காம்சயர் பகுதியைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் 1589 ஆம் ஆண்டில் உருவாக்கினார். அது காலுறை பின்னுவதற்கானது. பின்னல் துணியின் ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தை அமெரிக்காவின் மெர்ரோ நிறுவனம் 1880களில் உருவாக்கியது. 1958 ஆம் ஆண்டில் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் சோசப் சிவர்சு, எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் எனப்படும் மீள்தன்மை மிக்க இழையைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்பது இதன் வணிகப் பெயர்களுள் ஒன்று. இவ்விழை தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் நீளக்கூடியது. பருத்தியுடன் இதனைச் சிறிதளவு சேர்த்தாலே துணியின் மீள்தன்மை வெகுவாகக் கூடுகிறது.

தமிழகத்தில் பின்னலாடைத் தொழிலின் மையம் திருப்பூர் ஆகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பனியன் உற்பத்தியில் தொடங்கிய இத்தொழில், 1980களில் ஏற்றுமதியால் பெருகியது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஏற்றுமதியில் எஞ்சிய ஆடைகளும் சிறு குறைகளால் கழிக்கப்பட்ட ஆடைகளும் காதர்பேட்டை போன்ற சந்தைகளின் வழியாகத் தமிழகமெங்கும் விற்பனைக்கு வருகின்றன.

தேவையும் பயனும்

உள்நாட்டுச் சந்தைக்கான பனியன்கள் 80, 85, 90, 95 எனச் செ.மீ. கணக்கிலான மார்பளவுகளில் கிடைக்கின்றன. ஏற்றுமதிக்கெனத் தைத்த ஆடைகளோ வாங்கும் நாட்டின் அளவுப் பட்டியலைப் பின்பற்றுகின்றன. மார்பு பொருந்தினாலும் உடல் நீளமும் கை நீளமும் மிகுந்திருக்கலாம். குறைந்த விலையில் வாங்கிய தரமான ஆடை அளவு பொருந்தாமையால் அலமாரியில் கிடப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம் ஆகும்.

ஆடையின் ஆயுளை நீட்டிப்பதில் சூழல் சார்ந்த பயனும் உண்டு. பின்னல் துணியை வெளுக்கவும் சாயமேற்றவும் நீர் மிகுதியாகத் தேவைப்படுகிறது. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் மாசடைந்ததை அடுத்து, 2011 ஆம் ஆண்டு சனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஏற்கனவே நெய்து, பின்னி, சாயமேற்றிய ஆடை ஒன்றைத் திருத்தி உடுத்துவதற்குப் புதிய நீரோ சாயமோ தேவையில்லை.

துணியைச் சோதித்தல்

கத்தரியை எடுப்பதற்கு முன் பின்வரும் நான்கு சோதனைகளைச் செய்ய வேண்டும்.

1. சுருக்கம்: பருத்திப் பின்னல் துணி முதல் சலவைகளில் சுருங்கும். புதிய ஆடையை ஒரு முறையேனும் துவைத்து உலர்த்திய பின்னரே அளவெடுக்க வேண்டும்.

2. இழுபடும் அளவு: ஆடையின் தையல் இல்லாத பகுதியில் அகலவாக்கில் 10 செ.மீ. இடைவெளியில் இரு புள்ளிகளைக் குறித்து, அளவுகோலின் மீது வைத்து இயல்பாக இழுக்க வேண்டும். 12.5 செ.மீ. வரை வந்தால் அது 25 விழுக்காடு இழுபடும் துணி. 15 செ.மீ. வரை வந்தால் 50 விழுக்காடு. கையை விட்டதும் மீண்டும் 10 செ.மீ.க்குத் திரும்புகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். திரும்பாத துணியை உடலோடு ஒட்டப் பிடித்தால் முழங்கை, முழங்கால் பகுதிகள் விரைவில் தொய்ந்துவிடும்.

3. துணியின் வகை: சாதாரண டி-சட்டைத் துணியான சிங்கிள் ஜெர்சி, வெட்டிய ஓரத்தில் சுருண்டுகொள்ளும். ரிப், இன்டர்லாக் வகைகள் அவ்வாறு சுருளுவதில்லை. கழுத்துப் பட்டைக்கு ரிப் துணி பயன்படுவதற்கு அது அகலவாக்கில் மிகுதியாக நெகிழ்வதே காரணம்.

4. முறுக்கம்: ஆடையைத் தோள்களில் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தால், சில டி-சட்டைகளின் பக்கத் தையல் கீழ்ப்பகுதியில் முன்புறமோ பின்புறமோ விலகிச் செல்வதைக் காணலாம். இது நூலின் முறுக்கால் சிங்கிள் ஜெர்சித் துணியில் ஏற்படுவது. பக்கத்தைப் பிடித்துத் தைப்பதால் இக்குறை நீங்காது.

தேவையான பொருட்கள்

ஊசி: நெய்த துணிக்கான கூர்முனை ஊசி, பின்னல் துணியின் நூலைத் துளைத்து அறுத்துவிடும். அறுந்த இடத்தில் கண்ணி அவிழ்ந்து சிறு துளையாகிப் பின் ஓட்டையாகப் பெருகும். முனை உருண்டையான ஊசி நூல்களை விலக்கிக்கொண்டு உள்ளே செல்லும். மெல்லிய பனியன் துணிக்கு 11 ஆம் எண் ஊசியும், தடித்த துணிக்கு 14 ஆம் எண் ஊசியும் பொருந்தும். இயந்திரத்துக்கு இயந்திரம் ஊசியின் தண்டு வேறுபடுவதால், பழைய ஊசியைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது நல்லது.

நூல்: பருத்தி நூல் இழுபடாமல் அறுந்துவிடும். பாலியெஸ்டர் நூலையே மேல்நூலாகவும் பாபின் நூலாகவும் பயன்படுத்த வேண்டும்.

பிற: அளவு நாடா, சாக்கட்டி, ஊக்குகள், கூர்மையான கத்தரி, தையல் பிரிப்பான், பருத்தி நாடா, எலாஸ்டிக், மெல்லிய தாள்.

தையல் வகைகள்

பின்னலாடை நிறுவனங்களில் மூன்று வகை இயந்திரங்கள் பெரிதும் பயன்படுகின்றன. திருப்பூர்த் தொழிலாளர் வழக்கில் இவை "சிங்கர்", "ஓவர்லாக்", "பேட்லாக்" எனப்படுகின்றன. சிங்கர் என்பது நேர்த்தையல் இயந்திரம். ஓவர்லாக் துண்டுகளை இணைப்பது. பேட்லாக் என்பது பிளாட்லாக் என்பதன் மரூஉ. கீழ் மடிப்பில் வெளிப்புறம் இரண்டு வரிகளும் உட்புறம் பின்னல் போன்ற அமைப்பும் காணப்படுவது இவ்வியந்திரத்தின் தையல் ஆகும்.

வீடுகளில் பெரும்பாலும் நேர்த்தையல் இயந்திரம் மட்டுமே இருக்கும். அதைக் கொண்டும் பின்னலாடையைத் தைக்கலாம்.

- நேர்த்தையல்: தையலின் நீளத்தை 2 மி.மீ. அளவுக்குக் குறைத்து, நூல் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தி, ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை இலேசாக இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். இழுப்பு இருபுறமும் சமமாக இருத்தல் அவசியம். தைத்த பின் துணி தளரும்போது தையலில் சிறிது கூடுதல் நூல் தங்கியிருக்கும். அதுவே பின்னர் நீள்வதற்கு இடம் தரும்.

- சிக்சாக் தையல்: நூல் குறுக்கும் நெடுக்குமாகச் செல்வதால் இத்தையல் இயல்பாகவே நீளும். இணைப்புத் தையலுக்கு அகலம் 0.5 முதல் 1 மி.மீ., நீளம் 2 முதல் 2.5 மி.மீ. போதும். கீழ் மடிப்புக்கு அகலம் 3 மி.மீ. வரை வைக்கலாம்.

- கைத்தையல்: இணைப்புகளுக்குச் சிறிய கெட்டித் தையலைத் தளர்வாகப் போட வேண்டும். மடிப்புகளுக்கு, நூல் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் மீன்முள் தையல் ஏற்றது. ஓட்டுத் தையல் தற்காலிகமாகச் சேர்த்து வைக்க மட்டுமே பயன்படும்.

சிக்சாக் வசதி வீட்டில் இல்லாதவர், முதல் வரியை வீட்டில் தைத்துவிட்டு ஓரத்தை மட்டும் வெளியில் அடித்துக்கொள்ளலாம். காஞ்சிபுரம் போன்ற சேலை விற்பனை மிகுந்த ஊர்களில், சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துத் தரும் கடைகளில் இதற்குரிய இயந்திரம் இருக்கும்.

எந்த முறையானாலும், வெட்டி எடுத்த துண்டில் முதலில் தைத்து, தையல் வாக்கில் இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் அறுந்தால் இறுக்கத்தை மேலும் தளர்த்த வேண்டும்.

திருத்த முறைகள்

பக்கம் பிடித்தல்

டி-சட்டை, குர்த்தி ஆகியவற்றில் மிகுதியாகச் செய்யப்படும் திருத்தம் இதுவாகும்.

1. ஆடையை உட்புறம் வெளியே தெரியுமாறு அணிந்து, கைகளைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். மற்றொருவர் இரு பக்கங்களிலும் மிகுதித் துணியைப் பிடித்து ஊக்குக் குத்த வேண்டும். ஒரு தோள் தாழ்ந்தவர்கள், உட்புறம் திருப்பி அணிந்தால் ஆடையின் இடமும் வலமும் மாறிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

2. கைகளை உயர்த்தியும், அமர்ந்தும், குனிந்தும் பார்க்க வேண்டும். நிற்கும்போது மட்டும் பொருந்தும் ஆடை பொருந்தும் ஆடை ஆகாது.

3. ஆடையைக் கழற்றி, ஊக்குகள் உள்ள இடங்களைச் சாக்கட்டியால் குறித்து இணைக்க வேண்டும். கோடு அக்குளிலிருந்து கைக்குள் மெதுவாக வளைந்து சென்று மறைய வேண்டும். அக்குளில் சட்டென நின்றால் அங்குத் துணி மடியும்.

4. ஓட்டுத் தையல் போட்டு, மீண்டும் அணிந்து பார்த்த பின்னரே தைக்க வேண்டும்.

5. தைத்து, இழுத்துப் பார்த்து, இன்னொரு முறை அணிந்த பிறகு, 1 செ.மீ. விட்டு மிகுதியை வெட்ட வேண்டும். வெட்டுவது எப்போதும் கடைசி வேலை ஆகும்.

கணக்கிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்திற்கு 1 செ.மீ. உள்ளே தைத்தால், முன்துண்டிலும் பின்துண்டிலும் 1 செ.மீ. வீதம் ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ. குறையும். இரு பக்கங்களும் சேர்த்து மொத்தச் சுற்றளவு 4 செ.மீ. குறையும். சுற்றளவில் 8 செ.மீ. குறைக்க வேண்டுமெனில் பக்கத்திற்கு 2 செ.மீ. மட்டுமே பிடிக்க வேண்டும்.

தோள்

ஆடையின் எடை முழுவதையும் தாங்குவது தோள் தையல். மற்ற தையல்கள் நீள வேண்டும், இது மட்டும் நீளக்கூடாது. எனவே தோளைத் திருத்தும்போது தையலோடு சேர்த்து மெல்லிய பருத்தி நாடாவை வைத்துத் தைப்பர். தோள் அகலத்தைக் குறைப்பதற்குக் கையைக் கழற்றி மீண்டும் பொருத்த வேண்டியிருப்பதால், பழக்கம் இல்லாதவர் முதலில் பழைய பனியன் ஒன்றில் செய்து பார்ப்பது நல்லது.

கை நீளமும் உடல் நீளமும்

தொழிற்சாலை மடிப்பைக் காப்பாற்ற விரும்பினால், அம்மடிப்பை அதற்கு மேல் 1 செ.மீ. துணியோடு வெட்டி எடுத்து, குறைத்த கையின் நுனியில் மீண்டும் இணைக்கலாம். கை மேல்நோக்கி அகன்று செல்வதால் சுற்றளவு சற்று வேறுபடும், அவ்வேறுபாட்டைத் துணியை இழுத்துச் சமன் செய்யலாம். மடிப்புத் தேவையில்லை எனில், சிங்கிள் ஜெர்சித் துணியை வெட்டியபடியே விடவும் செய்யலாம். அது சுருளும், ஆனால் வெட்டிய ஓரம் நெய்த துணியைப் போல் இழை பிரிவதில்லை.

லெக்கிங்ஸ் இடுப்பும் கால் நீளமும்

இடுப்பு தளர்ந்திருந்தால் பெரும்பாலும் குறை துணியில் இல்லை, எலாஸ்டிக்கில் உள்ளது. எலாஸ்டிக் தனியாக உள்ளே ஓடினால், பின்புறம் சிறிது பிரித்து, பழையதை உருவி, புதியதைக் கோக்கலாம். துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் அப்பட்டையை வெட்டிவிட்டு, துணியை மடித்துப் புதிய குழாய்போல் தைக்க வேண்டும். எலாஸ்டிக்கின் நீளம் இடுப்பளவை விட 5 முதல் 8 செ.மீ. குறைவாக இருக்கலாம். நுனிகளை ஒன்றன் மேல் ஒன்றாக 2 செ.மீ. வைத்து இணைக்க வேண்டும்.

கால் நீளத்தைக் குறைக்கும்போது, மடிப்புக் கணுக்காலுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, குதிகாலைத் தாண்ட வேண்டும். கணுக்கால் சுற்று 22 செ.மீ. உள்ளவருக்கும் குதிகாலைச் சுற்றிய அளவு 30 செ.மீ.ஐத் தாண்டலாம். நேர்த்தையலில் இறுக்கமாக மடித்த கால் நுனி, முதல் முறை அணியும்போதே அறுந்துபோவது இதனால்தான்.

பெரிதாக்குதல்

உள்ளே துணி இல்லாததால், பெரிதாக்க வெளியிலிருந்துதான் துணி சேர்க்க வேண்டும். பக்கத் தையலைப் பிரித்து, அக்குளிலிருந்து கீழ்வரை ஒரு பட்டையை இணைப்பதே வழக்கமான முறை. பட்டை ஆடையைப் போலவே இழுபடும் துணியாகவும், இழுபடும் திசை குறுக்குவாக்கில் அமையுமாறும் இருக்க வேண்டும். பழைய லெக்கிங்ஸ் இதற்கு ஏற்றது. பக்கத்திற்கு 3 செ.மீ. அகலம் கூட வேண்டுமெனில், இரு தையல்களுக்கும் 1 செ.மீ. வீதம் சேர்த்து 5 செ.மீ. அகலத்தில் பட்டை வெட்ட வேண்டும். இதனால் மொத்தச் சுற்றளவு 6 செ.மீ. கூடும்.

இழுபடும் ரவிக்கையில் பட்டுக்கரை இணைத்தல்

பட்டுச் சேலைக்கும் இழுபடும் ஆயத்த ரவிக்கை அணியும் வழக்கம் ஏற்பட்டுள்ளது. சேலையின் ரவிக்கைத் துண்டில் உள்ள சரிகைக் கரையை வெட்டி, இத்தகைய ரவிக்கையின் கை நுனியில் இணைக்க விரும்புவோர் உண்டு. இங்கு இருவகைத் துணிகளும் ஒரே தையலில் சந்திக்கின்றன. ரவிக்கையின் கை நுனி மேசையில் வைத்து அளக்கும்போது 24 செ.மீ. இருக்கும், அணிந்தவரின் கைச்சுற்றோ 28 செ.மீ. இருக்கும். கரையை 24 செ.மீ.க்குத் தைத்துவிட்டால் அது நீளாது, கை உள்ளே நுழையாது. எனவே கரையைக் கைச்சுற்றளவுடன் 2 செ.மீ. தளர்வும் தையலுக்கான துணியும் சேர்த்து வெட்டி, ரவிக்கைத் துணியை அதன் அளவுக்கு இழுத்துக்கொண்டே இணைக்க வேண்டும். கரையைக் கையின் வெளிப்புறத்தில் மட்டும் வைத்து, உட்புறத்தைப் பின்னல் துணியாகவே விடுவது மற்றொரு முறை. இதில் நெகிழ்வு ஓரளவு எஞ்சும். பட்டில் ஊசித் துளைகள் மறையாமல் தங்குவதால், ஓட்டுத் தையலைத் தையலுக்கு உள்ளே அடங்கும் பகுதியிலேயே போட வேண்டும்.

பொதுவான குறைகளும் காரணங்களும்

- இடையிடையே தையல் விழாமை: ஊசி கூர்முனை உடையது அல்லது மழுங்கியது. முதலில் ஊசியை மாற்ற வேண்டும்.
- தையல் அலையலையாகப் புடைத்தல்: துணி அளவுக்கு மீறி இழுக்கப்பட்டுள்ளது அல்லது பாதத்தின் அழுத்தம் மிகுதி.
- தொடக்கத்தில் துணி இயந்திரப் பல்லுக்குள் சிக்குதல்: துணிக்குக் கீழே மெல்லிய தாளை வைத்துத் தைத்து, பின்னர்த் தாளைக் கிழித்து எடுக்கலாம்.
- அணியும்போது நூல் அறுதல்: நூல் இறுக்கம் மிகுதி, தையல் நீளம் மிகுதி அல்லது பருத்தி நூல்.
- தையலை ஒட்டிச் சிறு துளைகள்: ஊசி கண்ணியை அறுத்துள்ளது. துளை பெரிதாகும் முன் உட்புறம் கையால் கோத்து முடிச்சிட வேண்டும்.

திருத்தத் தகாதவை

நரம்புப் புடைப்பு, நிணநீர் வீக்கம் போன்றவற்றுக்கு மருத்துவர் பரிந்துரைக்கும் அழுத்தக் காலுறைகளையும் கையுறைகளையும் வீட்டில் திருத்தலாகாது. அவற்றின் அழுத்தம் கணுக்காலில் மிகுந்தும் மேலே செல்லச் செல்லக் குறைந்தும் அமையுமாறு பின்னப்பட்டுள்ளது. ஓரிடத்தில் பிடித்துத் தைத்தால் அவ்விடத்தில் கட்டுப்போல இறுகி, குருதியோட்டத்துக்குத் தடையாகலாம். இவை பொருந்தவில்லையெனில் மீண்டும் அளவெடுத்து வேறொன்று பெறுவதே முறை.

பிற ஆடைகளிலும், கழற்றிய பின் தோலில் நெடுநேரம் தையல் தடம் தங்குமாயின் ஆடை மிகையாகப் பிடிக்கப்பட்டுள்ளது என்று கொள்ளலாம். வளரும் குழந்தைகளின் ஆடைகளில் மிகுதியை வெட்டாமல் உள்ளேயே விட்டுத் தைத்தால், அடுத்த ஆண்டு பிரித்து விட முடியும். பட்டு ரவிக்கையின் உட்தையல் முறையைப் பின்னலாடையிலும் பின்பற்றக்கூடிய இடம் இது ஒன்றே ஆகும்.

பராமரிப்பு

எலாஸ்டேன் கலந்த துணியை மிகு வெப்பமும் குளோரின் கலந்த வெளுப்பானும் பலவீனப்படுத்துகின்றன. திருத்திய ஆடையை உட்புறம் திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் உலர்த்தி, குறைந்த வெப்பத்தில் இஸ்திரி போட வேண்டும். கனமான பருத்திப் பின்னலாடைகளைத் தோளில் ஊக்குக் குத்தித் தொங்கவிட்டால் நீரின் எடையால் நீளும் என்பதால், கொடியில் நடுவாக மடித்துப் போடுவது நல்லது. பட்டுக்கரை இணைத்த ரவிக்கையைத் தனியாகவே துவைக்க வேண்டும். முதல் முறை துவைக்கும் முன், கரையின் உள் ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துச் சாயம் விடுகிறதா என்பதை அறிந்துகொள்ளலாம்.